மரக்காணத்தில் கேட்டுவிட்டுத் தோண்டினோம்

இங்கிலாந்தில், கென்ட் பக்கம் நான் பேருந்து ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் உழுது போட்ட வயல்களில் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நடப்பேன். இதுவரை கண்டெடுத்ததில் முக்கால்வாசி பொத்தான்கள், குதிரை லாடங்கள், டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டுகள். வீட்டில் அவற்றை வைத்திருக்கும் அலமாரிக்கு என் மனைவி வைத்த பெயர் காயலான் கடை.

என் டிப்போவில் வண்டி ஓட்டும் ஜப்பார் ஒருவர்தான் இந்தப் பொழுதுபோக்கை மதித்தவர். அவருக்குச் சொந்த ஊர் மரக்காணம். ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போகிறேன் என்று சொன்னதும், டீக்கோப்பையோடு என் எதிரே வந்து உட்கார்ந்து, போகும்போது அந்த மெஷினையும் எடுத்துப்போக முடியுமா என்று கேட்டார். அவருடைய தங்கை நூர்ஜஹானின் உப்பளத்தில் ஒரு போர்வெல் காணாமல் போய்விட்டதாம். போர்வெல் எப்படிக் காணாமல் போகும் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதனால் எவ்வளவு தங்கம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பொத்தான் கணக்கைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கலந்து பேசினார். பிறகு என்னை ஒரு பாவமான ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்து அனுப்பிவிட்டார்.

கல்யாணம் முடிந்து சென்னைக்குத் திரும்பி, புதன்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். தொழில் புத்தி, ஓட்டுநருக்குப் பின்னாலேயே இடம் பிடித்தேன். எதிரே லாரி வரும்போது அவர் முந்துகிற ஒவ்வொரு முறையும் என் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. மிதித்து மிதித்துக் களைத்துத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் மரக்காணம் என்று கத்தியது காதில் விழவில்லை. கண் விழித்தபோது கீழ்புத்துப்பட்டு. "ஏம்பா, இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தா பாண்டியில எறங்கியிருக்கலாமே" என்றார் கண்டக்டர். அங்கிருந்து மீன் கூடைகளோடு ஒரு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். கூடைக்காரப் பெண்கள் என் நீளப் பெட்டியைப் பார்த்துவிட்டு வீணையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்று அவர்கள் கேட்பதற்குள் நல்லவேளையாக ஊர் வந்துவிட்டது.

நூர்ஜஹானுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் குவைத்தில் டிரைவர். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். நான் போனபோது சோறு தயாராக இருந்தது. நெய்ச்சோறு, கத்திரிக்காய் போட்ட தால்ச்சா, சங்கரா மீன் வறுவல். கென்ட்டில் ஜப்பார் வைக்கும் தால்ச்சாவைச் சாப்பிட்டிருக்கிறேன். அது ஒரு நல்ல முயற்சி என்பது இங்கே இலையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் உப்பளத்துக்கு நடந்தோம். வழியில் அவர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த அளம் அது. நிலத்தடியிலிருந்து உப்புத் தண்ணீர் எடுக்க ஒரு போர் போட்டிருந்தார். பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாது என்று அதன் வாயைத் தன் தம்பியின் கடையில் வாங்கிய ஒரு கனமான இரும்புத் தட்டால் மூடி வைப்பார். அவர் இறந்த பிறகு குத்தகை நூர்ஜஹான் பெயருக்கு மாறியது. ஆனால் அளத்தைப் பார்க்க ஆளில்லாமல் தரிசாகக் கிடந்தது. அப்புறம் ஒரு புயல். கொட்டகை போயிற்று, வரப்புகள் கரைந்தன, எல்லாவற்றின் மேலும் சேறு ஏறி மூடிவிட்டது. இந்த வருடம் தானே நின்று உப்பு எடுப்பது என்று அவர் முடிவு செய்தபோது போர் எங்கே என்று யாராலும் காட்ட முடியவில்லை. புதிதாகப் போடலாம் என்றால் பணத்தை விடுங்கள், கடலோரத்தில் அதற்கான அனுமதி வருவதற்குள் சீசனே முடிந்துவிடும்.

உப்பளங்களை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அவை ஓசையில்லாமல் இருக்கின்றன. சாலைக்கு அந்தப் பக்கம் லாரி ஹாரன், இந்தப் பக்கம் வானம் விழுந்த பாத்திகள். அக்கம்பக்கத்து அளங்களில் தண்ணீர் கட்டி, ஆட்கள் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் நூர்ஜஹானின் இடம் மட்டும் வெடித்த பழுப்புச் சேறு. அங்கே எங்களுக்காக மஜீத் சாச்சா காத்திருந்தார். நூர்ஜஹானுடைய அத்தாவின் தம்பி. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

நான் உடனே பெட்டியைத் திறப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இது அரசாங்க நிலம் என்றால் முதலில் கேட்டுவிடலாமே என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவே சற்று நேரம் பிடித்தது.

கென்ட்டில் நாங்கள் அப்படித்தான் என்று விளக்கினேன். ஒரு வயலில் கால் வைக்கும் முன் அந்த விவசாயியின் கதவைத் தட்டுவோம். பிஸ்கட் டப்பா கொண்டுபோவதும் உண்டு. பெரும்பாலும் நாய்தான் முதலில் பதில் சொல்லும். சரி என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வயலுக்கே எங்கள் பேச்சில் 'பர்மிஷன்' என்று பெயர். எனக்கு இரண்டு பர்மிஷன் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வோம்.

மஜீத் சாச்சா பொறுமையாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அங்க விவசாயி இல்லன்னா அடுத்த வயலுக்குப் போயிடுவீங்க. இங்க இல்லன்னா இவளுக்கு வேற எடம் கெடையாது. ஆபீஸுக்குப் போய் கேட்டா ஆளு வருவான், வந்தா சும்மா இருப்பானா? எத்தன வருசமா தரிசா கெடக்குதுன்னு எழுதுவான். குத்தகையே போயிடும்."

 அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம். அவர் இன்னொன்றும் சொன்னார். புயலுக்குப் பிறகு வெளியூர் ஆட்கள் இதே மாதிரி மெஷினோடு வந்து கரையோரம் தோண்டினார்களாம். புதையல் கிடைத்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. போலீஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. கேட்டாலும் தொல்லை, கேட்காமல் மாட்டினாலும் தொல்லை. ஆகவே காலையில் சீக்கிரம் வந்து, சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவதே நல்லது என்பது அவர் கட்சி.

 வெடித்த சேற்றை ஒரு காலால் தட்டிக்கொண்டிருந்த நூர்ஜஹான் நிமிர்ந்து, "ஒளிஞ்சு எடுத்தா அப்புறம் எஞ்சின் வைக்கும்போது எல்லாரும் பாப்பாங்கல்ல சாச்சா. அப்ப என்ன சொல்றது? நான் இங்க வருசக்கணக்குல உப்பு எடுக்கணும். கேட்டுடலாம்" என்றார்.

சாச்சா தலையாட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை ஸ்கூட்டரோடு வாசலில் நின்றார்.

வியாழக்கிழமை முழுவதும் அலுவலகங்களில் போயிற்று. கிராம நிர்வாக அலுவலர் ஒரு விசாரணைக்காக எக்கியார்குப்பம் போயிருப்பதாகச் சொன்னார்கள். எதிர்க்கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் வரவில்லை. டீ குடித்தோம். இன்னொரு டீயும் குடித்தோம். என் ஊரில் இதே வேலைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருப்பேன். இங்கே வடகறியோடு காத்திருப்பது எவ்வளவோ மேல் என்று நூர்ஜஹானிடம் சொன்னேன். அவர் சிரிக்கும் நிலையில் இல்லை. குத்தகைக் காகிதம் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் அலுவலர் வந்தார். கலைவாணி என்று பெயர். இளம் வயது, தூசு படிந்த ஸ்கூட்டி, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு என் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"இந்த மெஷின் வச்சிருந்தவங்கள நான் போலீஸ் ஸ்டேஷன்லதான் சார் பாத்திருக்கேன். ஆபீஸுக்கு வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். கோபமா பாராட்டா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்கென்று ஒரு படிவம் இல்லை என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. இல்லாத படிவத்தை யார் கொடுப்பது? அவர் தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர்கள் உப்புத் துறையைக் கேட்கச் சொன்னார்கள். உப்புத் துறையில், அளத்துக்குள் குத்தகைக்காரர் தன் போரைத் தேடுவதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். கடைசியில் கலைவாணியே தொல்லியல் துறையில் ஒருவரைப் பிடித்துப் பேசினார். பூமிக்கு அடியிலிருந்து பழைய பொருள் எது வந்தாலும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இந்தக் கரை ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன கரை, அதனால் இன்னும் கவனம் வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னதை அப்படியே எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். அன்றைக்கு மூன்று பேரிடம் அவர் பேசினார். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு உப்புத் துறை அதிகாரி வந்தார். சாச்சா பயந்தது அப்படியே நடந்தது. அளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தவர் போரைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை சீசனாக உற்பத்தி இல்லை என்றுதான் கேட்டார். நூர்ஜஹான் மறைக்காமல் சொன்னார். அத்தா இறந்தது, புயல் வந்தது, எல்லாம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இந்த சீசனிலும் உப்பு எடுக்காவிட்டால் குத்தகையைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி மேலே எழுத வேண்டியிருக்கும், அது தன் கையில் இல்லை என்றார். தேடுவதற்கு ஆட்சேபணை இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

மாலையில் கலைவாணி ஒரு தாளில் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார். குத்தகை எல்லைக்குள் மட்டும், பகலில் மட்டும், தான் உடனிருக்கும்போது மட்டும் தோண்ட வேண்டும். பழையதாக ஏதாவது தென்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் யாருக்கும் ருசியில்லை. கேட்கப் போகாமல் இருந்திருந்தால் அந்த அதிகாரி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். கென்ட்டில் நான் கேட்டதற்காக இதுவரை இழந்தது சில பிஸ்கட் டப்பாக்கள். இங்கே என் கொள்கைக்கான விலையை இன்னொருத்தி கொடுக்கிறாள். நூர்ஜஹானிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கலாம் என்று சொன்னது தான்தான், நீங்கள் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று அதட்டிவிட்டு இன்னொரு தோசை வைத்தார்.

சனிக்கிழமை காலை மெஷினை ஓட்டினேன். சுவிட்சைத் தட்டியதுமே அது அலற ஆரம்பித்தது. நடந்தாலும் அலறல், நின்றாலும் அலறல். ஈரமான உப்பு மண் மின்சாரம் கடத்தும். என் மெஷினுக்கு அந்தத் தரை முழுவதுமே ஒரு பெரிய உலோகத் தகடு. வயல்களில் மட்டுமே நடந்து பழகிய எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம், கையில் பட்ட விஷயமில்லை. உணர்திறனைக் குறைத்தேன். அலறல் நின்றது. கூடவே மற்ற எல்லாம் நின்றது; மஜீத் சாச்சாவின் மண்வெட்டியைக் கீழே போட்டு அதன் மேலேயே ஆட்டினாலும் மெஷின் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து அளத்தில் தரை மிதித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கலைவாணி குடையைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை நின்றார். பிறகு தன் போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் மனம் கேட்காமல் மெஷினை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். ஈர மணலில் வேறு ஏதாவது அமைப்பில் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்ற எண்ணம். ஆனால் அந்தத் தாள் அளத்துக்கு மட்டும்தான் என்பது நினைவுக்கு வர, பெட்டியைத் திறக்காமல் படகு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது அலையோரம் ஒருவர் காதில் ஹெட்ஃபோனோடு எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த நடையை நடந்துகொண்டிருந்தார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், தலை குனிந்து.

பெயர் சதீஷ். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுகளில் இந்தக் கரையில் எங்காவது இருப்பாராம். என் பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எந்த நாட்டில் சந்தித்தாலும் முதலில் சட்டைப்பையைக் காலி செய்து காட்டிக்கொள்வார்கள். வலைக்குண்டுகள், ஒரு பழைய காலணா, ஒற்றைக் கொலுசு. அவர் மெஷின் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வகை. உப்பு ஈரம் அதற்குப் பொருட்டே இல்லை.

அவரும் யாரிடமும் கேட்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "கேட்டா நோ தான் வரும் சார். ஏன்னா எஸ் சொன்னா அவங்கதான் மாட்டுவாங்க. கேக்காத வரைக்கும் யாரும் எனக்கு நோ சொல்லலல்ல?" என்றார். மஜீத் சாச்சாவும் இதையேதான் சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருடைய கணக்கிலும் தப்பில்லை. ஆனால் சதீஷ் பேசும்போது சாலைப் பக்கம் ஒரு ஜீப் சத்தம் கேட்டாலும் மெஷினைப் படகுக்குப் பின்னால் சாய்த்தார். ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார்.

நூர்ஜஹானின் நிலைமையைச் சொல்லி, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டேன். முதலில் உற்சாகமாகத் தலையாட்டியவர், கிராம நிர்வாக அலுவலர் உடனிருப்பார் என்றதும் தயங்கினார். பெயர் எழுதுவார்களா என்று கேட்டார். எழுதுவார்கள் என்றேன். கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பலதும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அளத்துக்குப் போனபோது அவருடைய கார் எங்களுக்கு முன்பே நின்றது. "வீட்ல பர்மிஷன் கேட்டுட்டேன் சார். ஒரு நாள்தான் சாங்ஷன்" என்றார். ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக விட்டுக்கொடுத்த கலைவாணி அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை சதீஷ் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்றார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டினார்.

நன்றாக வேலை செய்கிற மனிதரைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கயிறு கட்டி, ஒவ்வொரு பட்டையாக, ஒரு சாண் இடம் விடாமல் அவர் நடந்தார். மண்வெட்டித் துண்டு வந்தது. எஞ்சின் போல்ட் ஒன்று வந்தது. சாச்சா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது அண்ணனுடைய பழைய எஞ்சினுடையது என்றார். கொட்டகை இந்தப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கால் பரபரத்தது.

பதினொரு மணி வாக்கில் சதீஷ் ஒரே இடத்தில் நின்று மறுபடி மறுபடி ஆட்டினார். பெரிய சத்தம் என்று கையால் காட்டினார். நானும் சாச்சாவும் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. சதீஷ் உள்ளே கையை விட்டு எடுத்தது இரும்புத் தட்டில்லை. உள்ளங்கை அளவில், பச்சை பூத்த ஒரு செம்புக் கிண்ணம். அதோடு ஒட்டிக்கொண்டு உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான இரண்டு பானை ஓடுகள்.

கலைவாணி அப்போது சற்றுத் தள்ளி, சாலையோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. குழியைச் சுற்றி நாங்கள் நாலு பேர். சதீஷின் கை கிண்ணத்தோடு பேன்ட் பாக்கெட் வரைக்கும் போயிற்று, பழக்கம், அவ்வளவுதான். அங்கேயே நின்றது. சாச்சா மெதுவாக, "திரும்ப உள்ளயே போட்டு மூடிடுங்கப்பா. அந்தப் பக்கம் தேடலாம். இத பாத்தா எடத்தையே சீல் வச்சிடுவாங்க" என்றார். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. வெள்ளிக்கிழமை பட்டது போதாதா?

நூர்ஜஹான் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பி நின்று, "மேடம், கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிட்டார். 

கலைவாணி வந்து பார்த்தார். தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். படம் எடுத்து அனுப்பினார். குழியைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். தொல்லியல் துறை ஆள் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, நாளைக்கும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம் என்பது போலக் கையை விரித்தார். சாச்சா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். சதீஷ் தன் மெஷினைத் துடைத்துக்கொண்டே, இதுதான் சார் நான் சொன்னது என்று முணுமுணுத்தார். 

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தொல்லியல் அலுவலர். மெலிந்த மனிதர், முதுகில் பை, அதில் தூரிகைகளும் அளவு நாடாவும். படத்தைப் பார்த்ததும் தூக்கம் வரவில்லை, அதனால் வந்துவிட்டேன் என்றார். அரசாங்க அலுவலர் ஒருவர் இப்படிச் சொல்லி என் வாழ்நாளில் கேட்டதில்லை, இரண்டு நாட்டிலும்.

குழிக்குள் இறங்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார், அளந்தார், வரைந்தார். நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாங்ஷன் என்று சொன்ன சதீஷும் லீவு போட்டுவிட்டு நின்றார். கடைசியில் அலுவலர் மேலே ஏறி, கிண்ணம் எந்தக் காலம் என்பதைச் சுத்தம் செய்த பிறகுதான் சொல்ல முடியும், ஓடுகள் பழையவை போலத்தான் இருக்கின்றன என்றார். இந்தக் குழியைச் சுற்றி ஒரு கட்டில் போடும் அளவு இடத்தை விட்டுவிடுங்கள், மிச்ச இடத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். மிச்ச இடம் என்பது கிட்டத்தட்ட முழு அளம். நூர்ஜஹான் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இது எங்க இருந்துச்சு, எவ்வளவு ஆழத்துல, பக்கத்துல என்ன, அது தெரியுதுல்ல, அதாங்க முக்கியம். கடையில கொண்டாந்து குடுத்தா இது வெறும் செம்பு" என்றார் அவர், கிண்ணத்தைப் பஞ்சில் சுற்றிக்கொண்டே. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் நூர்ஜஹான் பெயரை எழுதினார்.

சதீஷ் கொஞ்சம் தயங்கிவிட்டு அவரிடம் போய், முன்னாடியே எடுத்து வீட்டில் வைத்திருக்கிற பொருட்கள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அலுவலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எடுத்தபோதே சொல்லியிருக்க வேண்டும், இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்றார். பிறகு, "எது எங்க எடுத்ததுன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். சதீஷ் சிலதுக்கு மட்டும் என்றார்.  ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விட்ட பட்டையிலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கினார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கயிறு கட்டிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அவர் நின்றார். இந்த முறை கை காட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். தாழ்ந்த, முரட்டுத்தனமான, விடாத சத்தம். பெரிய இரும்பு அப்படித்தான் பேசும். ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே மண்வெட்டியை எடுத்துவிட்டிருந்தார்.

இடுப்பளவு ஆழத்தில் 'டங்' என்றது. துருப்பிடித்து ஓரங்கள் உதிர்ந்த தட்டு. தட்டைப் புரட்டினால் கீழே பிளாஸ்டிக் குழாயின் வாய், உடையாமல், வட்டமாக, இருட்டாக. நூர்ஜஹான் ஒரு சின்ன மண்ணுருண்டையை உள்ளே போட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். கொஞ்சம் கழித்துக் கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது.

சாச்சாவுக்குப் போன் செய்தது கலைவாணி. அவர் கடையை மூடிவிட்டு வந்தார். வந்தவர் குழியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தட்டைத் தூக்கித் தன் சட்டையிலேயே துடைத்தார். அண்ணன் கடைக்கு வந்து இதை எடுத்துப்போன நாளைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது, எஞ்சின் ஓட்டுவதற்கு முன் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், நாளைக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். பையை அளத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாடகைக்கு எடுத்த டீசல் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. முதலில் குழாயிலிருந்து காற்று வந்தது, பிறகு கறுப்புச் சேறு, பிறகு பழுப்புத் தண்ணீர். பக்கத்து அளத்துக்காரர்களும் வரப்பில் வந்து நின்றார்கள். யாரும் எதையும் ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் சத்தமாகவே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

தண்ணீர் தெளிந்தது. திருச்சியில் எங்கள் தெருவில் போர் போட்டபோது, முதல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்த என் மாமா உப்பு என்று துப்பியதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. இங்கே நூர்ஜஹான் கையை நீட்டி, ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்தது, சிரித்துவிட்டார்.

"கரிக்குது அண்ணா" என்றார். "நல்லா கரிக்குது."

மஜீத் சாச்சாவும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் போனார். நூர்ஜஹான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு அவருக்கு முன்னால் ஓடினார். முதல் பாத்தியின் வாயை அவர் திறந்துவிட, உப்புத் தண்ணீர் அந்தப் பழுப்புத் தரையின் மேல் மெல்லப் பரவிக்கொண்டே போயிற்று.